பட்டினி கிடக்காத பூச்சி

எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் சாக்பீஸ் பிடித்த கை. அப்பா தலைமையாசிரியர், ஓய்வு பெற்றதைக் கடைசிவரை ஒத்துக்கொள்ளாமலே போய்ச் சேர்ந்தார். தங்கை திசையன்விளைக்குப் பக்கத்து ஊரில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். அவள் கட்டிக்கொண்டவர் கணக்கு வாத்தியார். நான் பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்துகிறேன். இப்படிப்பட்ட குடும்பத்தில் ஒருவர் வாயால் சொன்னதை இன்னொருவர் காதில் வாங்குவது அபூர்வம். ஆனால் கோடு போட்ட தாளில், அடித்தல் திருத்தல் இல்லாமல், ஓரம் விட்டு எழுதிக் கொடுத்துவிட்டால் அதற்கு மறுபேச்சு கிடையாது.

எனக்கு இரண்டு குறைகள் உண்டு. ஒன்று முன்கோபம். மற்றது, தெரிந்த விஷயத்தை வைத்துக்கொண்டு வாயை மூடியிருக்க முடியாதது. முதல் குறையை என் மாணவிகள் மன்னித்துவிடுகிறார்கள். இரண்டாவதை நானே மன்னிக்கக் கொஞ்ச காலம் பிடித்தது.

தங்கைக்கு ஒரே மகள். கல்யாணமாகி ஏழு வருஷம் ஜெபித்துப் பெற்ற பிள்ளை. நான் சொல்கிற காலத்தில் அவளுக்கு நாலு வயது. பள்ளிக்கூடத்துக்குப் போகும் முன்பே டீச்சராகிவிட்டவள். தலையணைகளைச் சுவரோரமாக வரிசையாக உட்கார வைப்பாள். கடைசித் தலையணைக்கு எப்போதும் அடி விழும். நான் போனால் எனக்கும் வரிசையில் இடம் உண்டு. "பெரியம்மா, கையக் கட்டு. பக்கத்துல பேசாத" என்பாள். கல்லூரியில் ஐம்பது பெண்களை ஒரு பார்வையில் அடக்குகிற நான், அவளிடம் கைகட்டி உட்கார்ந்திருப்பேன். எனக்குக் கல்யாணமும் இல்லை, பிள்ளையும் இல்லை. அந்தப் பிள்ளைதான் எனக்கு உயிர். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஒருநாள் குளிப்பாட்டும்போது அவள் வயிற்றின் இடப்பக்கம் கெட்டியாக ஏதோ தங்கையின் கையில் தட்டுப்பட்டது. வெளிக்குப் போகாததால் இருக்கும் என்று மூன்று நாள் விளக்கெண்ணெய் கொடுத்துப் பார்த்தாள். பிறகு திசையன்விளை டாக்டர், திருநெல்வேலி ஸ்கேன், அங்கிருந்து மதுரையில் பெரிய ஆஸ்பத்திரி. நியூரோபிளாஸ்டோமா என்றார்கள். நரம்புச் செல்லாக வளர்ந்து ஆளாக வேண்டிய செல், பாதியில் நின்றுவிட்டுப் பெருகிக்கொண்டே போகிற புற்றுநோய். பெரும்பாலும் சின்னப் பிள்ளைகளுக்குத்தான் வரும். இவளுக்குச் சிறுநீரகத்தின் தலையில் உட்கார்ந்திருக்கும் சுரப்பியில் வந்திருந்தது. நாலு சுற்றுக் கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்கி, அதன் பிறகு அறுவை செய்து எடுப்பது என்று டாக்டர் முடிவு சொன்னார்.

அந்த டாக்டர் என்னைவிட வயதில் இளையவர், கெட்டிக்காரப் பெண். நான் என்ன பாடம் நடத்துகிறேன் என்று கேட்டுக்கொண்ட நிமிஷத்திலிருந்து என் முகத்தைப் பார்த்தே பேச ஆரம்பித்தார். "மேடம், உங்களுக்குச் சொன்னா போதும். நீங்க அவங்களுக்குப் புரிய வச்சிருவீங்க" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கை தலையை ஆட்டினாள். எனக்கு அந்தத் துக்கத்திலும் ஒரு பெருமை இருந்தது. அதை மறைத்துப் பயனில்லை.

ஊருக்கு வந்து நான் சும்மா இருக்கவில்லை. கல்லூரி விட்டு வந்தால் கம்ப்யூட்டரைத் திறந்து இந்த நோயைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரைகளாகப் படித்தேன். இரண்டாவது சுற்றுக் கீமோ முடிந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் ஆராதனை முடிந்து தங்கை வீட்டில் உட்கார்ந்திருந்தோம். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் தேவாலயத்தைக் கோயில் என்றுதான் சொல்வோம். பிள்ளை உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். தங்கை என்னிடம் கேட்டாள்:

"அக்கா, அது என்னத்தத் திண்ணுக்கிட்டு வளருது?"

ஒரு டீச்சரிடம் இப்படி ஒரு கேள்வி கேட்கக்கூடாது. பிள்ளையின் பழைய சிலேட்டை எடுத்து வைத்துக்கொண்டேன்.

"புதுசா ஒரு செல்லு உண்டாகணும்னா அதுக்குச் செங்கல் வேணும்லா? அதுல ஒண்ணு செரின். நம்ம செல்லுல்லாம் திங்கிற சாப்பாட்டுலருந்தே அத எடுத்துக்கிடும். இந்தப் பொல்லாத செல்லுக்கு அது பத்தாது. சர்க்கரைய எடுத்து உள்ளயே செரின் செஞ்சுக்கிடுது. அதச் செய்யதுக்குன்னு ஒரு நொதி வச்சிருக்கு. இந்த நோயில மோசமான வகையில அந்த நொதி ரொம்பக் கூடுதலா இருக்காம்."

"நொதின்னா?"

"என்சைம். செல்லுக்குள்ள வேல செய்யுத ஆளுன்னு வச்சுக்கோ. அந்த ஆளக் கட்டிப்போட்டு, வெளியருந்தும் செரின் கெடைக்காமப் பண்ணிட்டா, செல்லு பட்டினி கெடக்கும். வளராது."

பட்டினி என்ற வார்த்தையைக் கேட்டதும் தங்கையும் அவள் கணவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதை நான் கவனித்தேன்; கவனித்தும் யோசிக்கவில்லை. எங்கள் வீடுகளில் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் உண்டு. பரீட்சையோ வேலை மாற்றமோ பிரசவமோ, எதற்கானாலும் பட்டினி கிடந்து ஜெபித்தால் காரியம் நடக்கும் என்று மூன்று தலைமுறையாக நம்புகிறவர்கள். பிள்ளைக்கு வியாதி வந்ததிலிருந்து இருவரும் வெள்ளியோடு புதனும் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். பசிக்கு ஒரு சக்தி உண்டு என்பது அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டாத விஷயம். இப்போது அதையே விஞ்ஞானமும் சொல்கிறது என்றால் கேட்கவா வேண்டும்.

"எதுல எல்லாம் அந்தச் செரின் இருக்கு? எழுதிக் குடுங்க மதினி" என்றார் தங்கையின் கணவர்.

எழுதினேன். கோடு போட்ட தாளில், ஓரம் விட்டு, வரிசை எண் போட்டு எழுதினேன். முட்டை, பால், மீன், கறி, உளுந்து, நிலக்கடலை. சர்க்கரையிலிருந்துதான் அந்த நொதி வேலையைத் தொடங்குகிறது என்பதால் ஏழாவதாகச் சீனி, எட்டாவதாகக் கருப்பட்டி. கீழே "இவற்றைக் குறைக்கலாம்" என்று எழுதி அடிக்கோடு போட்டேன். அந்த அடிக்கோட்டை ஸ்கேல் வைத்துப் போட்டேன் என்பது இப்போதும் நினைவிருக்கிறது.

நான் படித்ததெல்லாம் ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்லைப் பற்றியது; மிஞ்சிப் போனால் எலியைப் பற்றியது. அந்த நொதியைக் கட்டிப்போடும் மருந்து எந்தப் பிள்ளைக்கும் இன்னும் கொடுக்கிற நிலைக்கு வரவில்லை. நொதியை அடைக்காமல் சாப்பாட்டை மட்டும் நிறுத்தினால் அந்தச் செல்லுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அது தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்ளும். அதற்குத்தானே அந்த நொதியையே வைத்திருக்கிறது. என் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி பரீட்சையில் அப்படி எழுதியிருந்தால் முட்டை போட்டிருப்பேன். எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள். எழுதினவளும் படித்தவளும் நான் ஒருத்தியாகவே இருந்தேன்.

ஆஸ்பத்திரியிலும் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். எல்லாவற்றையும் நன்றாக வேகவைத்துக் கொடுங்கள், முட்டை கொடுங்கள், பால் கொடுங்கள், எடை குறையாமல் பாருங்கள் என்று அச்சடித்த தாள். அது வேதாகமத்துக்குள் பத்திரமாக மடித்து வைக்கப்பட்டது. என் தாள் அடுப்புக்கு மேலே சுவரில் ஏறியது. நான் சொல்லி அல்ல, என் கையெழுத்து சொல்லி.

அந்த வாரமே எனக்கு விடைத்தாள் திருத்தும் முகாம் வந்துவிட்டது. அதைத் தொடர்ந்து கல்லூரியில் தேர்வு வேலை. ஐந்து வாரம் என்னால் தங்கை வீட்டுப் பக்கமே போக முடியவில்லை. மூன்றாவது சுற்றுக் கீமோவுக்கும் அவர்களே போய் வந்தார்கள்; எடையில் அப்போது பெரிதாக வித்தியாசம் தெரியவில்லை. தினமும் போனில் பேசினேன். "எப்படி இருக்கா?" என்றால் "இருக்கா" என்பாள் தங்கை. "சாப்பிடுதாளா?" என்றால் "நீ சொன்னபடிதான் குடுக்கோம்" என்பாள். நான் நிம்மதியாகப் போனை வைத்துவிட்டு அடுத்த விடைத்தாள் கட்டைப் பிரிப்பேன்.

ஐந்தாவது வாரத்துச் சனிக்கிழமை தங்கை ஊரில் அசனம். எங்கள் பக்கத்துக் கோயில்களில் வருஷத்துக்கு ஒருமுறை ஊரே சேர்ந்து ஆக்கி, ஊரே உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்துக்கு அதுதான் பெயர். அண்டா அண்டாவாகச் சோறு வடித்துப் பாயில் மலையாகக் கொட்டியிருப்பார்கள். ஆட்டுக்கறியும் கத்தரிக்காயும் கொதிக்கிற வாசம் பேருந்து நிறுத்தம் வரை வரும். நான் இரண்டு கேன் ஆற்றுத் தண்ணீரோடு போய் இறங்கினேன். தங்கை ஊர்த் தண்ணீர் உப்பு. பிள்ளைக்கு வைக்கிற கஞ்சிக்குத் தாமிரபரணித் தண்ணீர்தான் வேண்டும் என்று நான் முதலிலிருந்தே ஏற்பாடு செய்திருந்தேன். தண்ணீருக்கு இவ்வளவு பார்த்த மகராசி நான்.

கூட்டத்தில் நோய் தொற்றிவிடும் என்று பிள்ளையை வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தார்கள். கோயிலுக்கு அடுத்த தெருதான் வீடு. அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கட்டில் மேல் நின்றிருந்தாள். மொட்டைத் தலையில் பூப்போட்ட துணி கட்டியிருந்தது. தூக்கினேன். தூக்கியதும் என் கைகளுக்குத் தெரிந்துவிட்டது. விலா எலும்பு ஒவ்வொன்றும் விரலில் பட்டது. தங்கையின் கணவர் அசனச் சோற்றைத் தூக்குவாளியில் வாங்கிவந்து வைத்துவிட்டுத் திரும்பப் போனார். பிள்ளை என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, வாளியைப் பார்த்துவிட்டு, என் காதில் மெதுவாகக் கேட்டாள்:

"பெரியம்மா, மோந்து மட்டும் பாத்துக்கிடட்டா? திங்க மாட்டேன்."

அவளை இடுப்பில் வைத்துக்கொண்டே அடுக்களைக்குப் போனேன். சுவரில் என் தாள் இருந்தது. பக்கத்தில் தங்கையின் கணவர் மதிப்பெண் பட்டியல் மாதிரிக் கட்டம் போட்டு, ஒவ்வொரு நாளும் எட்டு பொருளுக்கும் நேராக 'இல்லை', 'இல்லை' என்று முத்து முத்தாக எழுதியிருந்தார். ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை. அரிசிக் கஞ்சி, வாழைத்தண்டு, சுரைக்காய், ரசம். நாலு வயதுப் பிள்ளைக்கு ஐந்து வாரம் அவ்வளவுதான்.

என் முன்கோபம் எங்கே போகும். "ஏட்டி, ஒனக்கு அறிவிருக்கா? பிள்ள எலும்பாக் கெடக்கா. பாத்துக்கிட்டா இருந்த?" என்று அடுப்படியில் நின்றிருந்த தங்கையிடம் கத்தினேன்.

தங்கை என்னைத் திருப்பித் திட்டவில்லை. "நீதானக்கா எழுதுன" என்றாள்.

திங்கட்கிழமை நாலாவது சுற்றுக்காக மதுரைக்குப் போனோம். எடை மேடையில் ஏற்றினார்கள். பதினாலு கிலோ இருந்த பிள்ளை பன்னிரண்டரை. டாக்டர் பழைய சீட்டைப் பார்த்தார், புதிய எண்ணைப் பார்த்தார், திரும்பவும் நிறுத்தச் சொன்னார். பன்னிரண்டரையேதான்.

"இந்த உடம்புக்கு நான் எப்படிம்மா மருந்து ஏத்துறது? தாங்காது" என்றார். "ரெண்டு வாரம் தள்ளி வைக்கிறேன். அதுக்குள்ள பதிமூணரையாவது வரணும். அதுக்கு மேல தள்ள முடியாது. சுருங்கின கட்டி திரும்ப வளர ஆரம்பிச்சிடும், அப்புறம் ஆபரேஷனும் கஷ்டம். என்ன சாப்பாடு குடுத்தீங்க?"

தங்கை சொன்னாள். ஒவ்வொன்றாக, மறைக்காமல் சொன்னாள். டாக்டரின் முகம் சிவந்தது.

"யார் சொன்னா உங்களுக்கு இதெல்லாம்?"

நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன். அதற்குள் தங்கை சொன்னாள்: "நாங்களாத்தான் டாக்டர். யூடியூப்ல பாத்தோம்."

பொய்யே சொல்லத் தெரியாதவள் அவள். பள்ளிக்கூடத்துக்கு ஒருநாள் பிந்திப் போனால்கூட உண்மைக் காரணத்தை எழுதிக் கொடுக்கிற ஜென்மம். டாக்டர் அவளைப் பிடித்து வாங்கு வாங்கு என்று வாங்கினார். "நீங்களும் ஒரு டீச்சர்தானே? அந்தக் கேன்சர் செல் பட்டினி கிடக்கும்னு நெனச்சீங்களா? உடம்புல எல்லாம் தீர்ந்து கடைசியாத்தான் அது பட்டினி கிடக்கும். முதல்ல பட்டினி கிடக்கிறது உங்க பிள்ளைம்மா." பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தணித்து, "மேடம், நீங்களாவது கொஞ்சம் பாத்துக்கக் கூடாதா?" என்றார்.

நான் "பாத்துக்கிடுதேன்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் செய்த கேவலமான காரியம் எது என்று யாராவது கேட்டால், அந்தத் தாளை எழுதியதைச் சொல்ல மாட்டேன். அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்வேன்.

கல்லூரிக்கு இரண்டு வாரம் லீவு எழுதிப் போட்டுவிட்டுத் தங்கை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். முட்டையை அவித்தேன். உளுந்தஞ்சோறு ஆக்கினேன். கருப்பட்டி போட்டுப் பாலைக் காய்ச்சினேன். இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். தட்டைக் கொண்டுபோய் வைத்தால் பிள்ளை வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"சாப்பிடுட்டி, தங்கம்."

"மாட்டேன். வயித்துல பூச்சி இருக்கு. முட்ட தின்னா அது வளந்துரும்."

அவள் கேட்டபோதெல்லாம் தராமலிருக்க ஒரு காரணம் வேண்டுமே. வயிற்றில் ஒரு பூச்சி இருக்கிறது, அது இதையெல்லாம் தின்று பெரிதாகிவிடும் என்று அம்மாவும் அப்பாவும் சொல்லி வைத்திருந்தார்கள். பாடம் நடத்தத் தெரிந்தவர்கள். பிள்ளையின் மனசில் அது நன்றாகவே ஏறியிருந்தது. அவள் அடம்பிடிக்கவில்லை, பயந்தாள். அசனச் சோற்றை முகர்ந்து பார்க்க அனுமதி கேட்ட பிள்ளை, இப்போது கிண்ணத்தில் முட்டையைக் கண்டால் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதட்டிப் பார்த்தோம், கெஞ்சிப் பார்த்தோம், கதை சொல்லிப் பார்த்தோம். மூன்று நாள் இப்படியே போனது. தங்கையின் கணவர் விடியற்காலையில் பலசரக்குக் கடை அண்ணாச்சி கடையைத் திறந்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய், அரிசி மூட்டை நிறுக்கிற தராசைத் துடைத்து அவளை உட்கார வைத்துப் பார்த்து வருவார். வாசலில் நின்று உதட்டைப் பிதுக்குவார். பன்னிரண்டரைதான்.

நாலாவது நாள் காலையில் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். வேறு வழி எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

"சுவத்துல இருக்க தாள் யாரு எழுதினது தெரியுமா?"

"நீதான்."

"அத நான் தப்பா எழுதிட்டேன்."

அவள் திரும்பிப் பார்த்தாள். "டீச்சர் தப்பா எழுதுவாங்களா?"

"எழுதுவாங்க."

"அப்ப டீச்சர யாரு அடிப்பா?"

"நீதான்."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். மதுரையிலிருந்து வந்த பிறகு அவள் தானாக எழுந்து உட்கார்ந்தது அப்போதுதான். அப்பாவின் சிவப்புப் பேனாவைக் கேட்டாள். நான் சுவரிலிருந்து தாளைப் பிய்த்து எடுத்து வந்தேன். கைகட்டி அவள் முன்னால் உட்கார்ந்தேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. நான் ஒவ்வொரு வரியாக வாசித்தேன்.

"முட்டை."

"சரியா, தப்பா?"

"தப்பு டீச்சர்."

தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி ஒரு பெருக்கல் குறி போட்டாள். பால் தப்பு. மீன் தப்பு. உளுந்து வந்தபோது, "இதுகூடவா ஒனக்குத் தெரியல?" என்றாள். எட்டும் முடிந்ததும் தாளின் தலைப்பில் பெரிதாக ஒரு வட்டம் போட்டு, "முட்ட மார்க்கு. முட்டி போடு" என்றாள். நாற்பத்தாறு வயதில் சிமெண்டுத் தரையில் முட்டி போட்டேன். அடுக்களை வாசலில் நின்றிருந்த தங்கை சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள், சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"அப்ப பூச்சி?" என்றாள் பிள்ளை.

"பூச்சிக்கு டாக்டரம்மா ஊசியில மருந்து வச்சிருக்காங்க. அது அவங்க வேல. சோறு ஒனக்கு மட்டும்தான்."

"எந்திரி" என்றாள். நான் எழுந்துகொண்டதும் அரை முட்டையைத் தின்றாள். மஞ்சள் கருவைத் தொடவில்லை.

அரை முட்டையில் எடை ஏறிவிடாது. கீமோ உள்ளே போன உடம்பு. நாலு வாய் தின்றால் இரண்டு வாய் வெளியே வரும். வாய்ப்புண் வேறு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு கரண்டி, இன்னொரு கரண்டி என்று மூவரும் மாற்றி மாற்றி ஊட்டினோம். அந்த வெள்ளிக்கிழமை தங்கை உபவாசம் இருக்கவில்லை. "அவ பாத்துக்கிட்டிருக்கா. நானும் தின்னாத்தான் திம்பா" என்று பிள்ளைக்கு எதிரில் உட்கார்ந்து உளுந்தஞ்சோற்றை எள்ளுத் துவையல் வைத்துச் சாப்பிட்டாள். பிள்ளை அவள் வாயையே பார்த்துக்கொண்டு தானும் வாயைத் திறந்தாள். அந்த வீட்டில் எத்தனையோ ஜெபம் பார்த்திருக்கிறேன். எனக்கு அதுதான் பெரிய ஜெபமாகத் தெரிந்தது. அடுத்த வாரம் அண்ணாச்சியின் தராசு பதிமூன்றைத் தாண்டியது. அண்ணாச்சி தானாகவே ஒரு கருப்பட்டி வட்டைக் கொண்டுவந்து பிள்ளையின் கையில் கொடுத்து, "தின்னு தாயி. அடுத்த தடவ ஒன்னத் தூக்க ஒங்கப்பனுக்கு மூச்சு வாங்கணும்" என்றார்.

மதுரையில் குறித்த நாளில் எடை மேடையில் ஏறினாள். பதிமூன்று கிலோ அறுநூறு கிராம். தங்கையின் கணவர் கணக்கு வாத்தியார் என்பதையே மறந்து, "பதிமூணரைக்கு மேல எவ்வளவு?" என்று என்னைக் கேட்டார்.

அதன் பிறகு நாலாவது சுற்றும் நடந்தது, அறுவையும் நடந்தது, அதற்கு மேலும் பல மாதம் மருந்து நடந்தது. இதை எழுதும்போது அவள் இரண்டாம் வகுப்பு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனுக்குப் போகிறோம். ஒவ்வொரு தடவையும் முதல் நாள் இரவு நாங்கள் மூவரும் தூங்குவதில்லை, அவள் மட்டும் மதுரையில் என்ன வாங்கித் தருவீர்கள் என்று பேரம் பேசுகிறாள். ஆனால் எனக்குள் தங்கிப்போனது அந்த எடை போட்ட நாள்தான்.

டாக்டர் சந்தோஷமாக இருந்தார். ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதிக்கொண்டே தங்கையிடம், "இனிமே யூடியூப் பக்கம் போகாதீங்கம்மா" என்றார். குரலில் கோபம் இல்லை. ஒரு சின்னப் பிள்ளையிடம் பேசுகிற மாதிரி இருந்தது. தங்கை "சரிங்க டாக்டர்" என்றாள். அதை என்னால் தாங்க முடியவில்லை.

"டாக்டர், யூடியூப் இல்ல. அத எழுதிக் குடுத்தது நான்" என்றேன். மேஜைக்கடியில் தங்கை என் கையைப் பிடித்து இறுக்கினாள். நான் நிறுத்தவில்லை. நொதி, செரின், பட்டியல் எல்லாவற்றையும் சொன்னேன். அன்றைக்கு வாயைத் திறக்காமல் நின்றதையும் சொன்னேன்.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். பிறகு தங்கையிடம், "அன்னைக்கு உங்களத்தானே அவ்வளவு பேசினேன். ஏம்மா சொல்லல?" என்று கேட்டார். தங்கை மேஜைக்கடியில் என் கையை விட்டுவிட்டாள். ரத்தப் பரிசோதனை முடிவு வரும் வரை வெளியே இருக்கச் சொன்னார்.

பிள்ளை அப்பாவின் மடியில் தூங்கிவிட்டாள். நான் மனசு லேசாகி நடைபாதையில் உட்கார்ந்திருந்தேன். தங்கை சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவளோ கோபமாக இருந்தாள். அவள் கோபத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் அது என் இலாகா.

"ஏன்க்கா சொன்ன?"

"ஏட்டி, என்னக் காப்பாத்த நீ எத்தன நாளைக்குத் திட்டு வாங்குவ?"

"ஒன்னக் காப்பாத்தவா நான் பொய் சொன்னேன்?" என்றாள். "டாக்டரு ஒங்கிட்டதான் வெவரமாப் பேசுதாவ. எங்கிட்ட 'சரிம்மா, போங்கம்மா'ன்னு முடிச்சிருதாவ. நாளைக்கு எம் பிள்ளைக்கு ஒண்ணுன்னா, ஒனக்காவது ஒழுங்காச் சொல்லுவாவன்னு இருந்தேன். என்னப் பத்தி என்ன நெனச்சா என்ன? ஒம்மேல இருந்த மரியாதயும் போச்சுன்னா எம் பிள்ளைக்கு அங்கன யாரு இருக்கா?"

இத்தனை நாளும் அவள் அக்கா பாசத்தில் பழியைச் சுமக்கிறாள் என்று உருகிக்கொண்டிருந்தேன். அவளுடைய கணக்கில் நான் பிள்ளைக்கான ஒரு கதவு; அதை மூடவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் சொன்னது நியாயம். கதவை நானே சாத்திவிட்டேன் என்று நினைத்தேன்.

நர்ஸ் வெளியே வந்து, "அம்மா மட்டும் உள்ள வாங்க" என்றார். பழக்கத்தில் நானும் எழுந்தேன். "அம்மா மட்டும்" என்றார் மறுபடியும்.

கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் ஒரு தாளை எடுத்துப் படம் வரைந்து பேசினார். தங்கை குனிந்து பார்த்தாள், ஏதோ கேட்டாள். டாக்டர் இன்னொரு தாள் எடுத்தார். தங்கை தலையை ஆட்டவில்லை, திரும்பவும் கேட்டாள். டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கம் வந்து உட்கார்ந்தார். அரைமணி நேரம் ஆனது. என்னை யாரும் கூப்பிடவில்லை. முதலில் எனக்கு வலித்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். பிறகு அவள் முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன், வலி போய்விட்டது.

வெளியே வந்தவளிடம், "என்ன சொன்னாவ?" என்று கேட்டேன்.

"ரத்தம் சரியா இருக்காம். இன்னைக்கே மருந்து ஏத்துதாவ" என்றாள். "நான் அந்த நொதியப் பத்திக் கேட்டேன்."

"ஏட்டி, நெசமாவா?"

"நீ சொன்னதுல அந்த நொதி கூடுதலா இருக்கதுல்லாம் உண்மதானாம். அத அடைக்கதுக்குப் பிள்ளையளுக்குன்னு மருந்து இன்னும் வரலியாம். ஆராய்ச்சி நடக்காம். வந்தா மொதல்ல எங்கிட்டச் சொல்லுதேன்னு சொல்லிட்டாவ."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் பிள்ளையப் பசிக்கவிடாமப் பாத்துக்கிடணுமாம்" என்றாள் தங்கை. தூங்குகிறவளை எழுப்பச் சொல்லிக் கணவருக்குச் சைகை காட்டிவிட்டு, சோற்றைப் பிசைய உட்கார்ந்தாள்.